நைனா கொண்டுவந்த விமானக் கொம்பு

எனக்குப் பெருமை ஜாஸ்தி. பெருமைக்காரர்களைப் பற்றிப் போதகர் பிரசங்கம் பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பித் திரும்பிப் பின் பெஞ்சுகளைப் பார்ப்பேன். பின் பெஞ்சில் இருக்கிறவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதும் எனக்கு விளங்கியதில்லை. விளங்குவதற்குத் திருப்பதியில் ஒரு மேடையும், ஒரு மைக்கும், ஒரு ஹால் நிறையப் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான். (பாஸா என்று கேட்காதீர்கள்.) எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையை என் மகள் எஸ்தர் ஒரு விதமாகச் சொல்கிறாள், மருமகன் பார்க்காமலே இன்னொரு விதமாகச் சொல்கிறார். நடந்தது எனக்கு. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில், புத்தலப்பட்டுக்குக் கொஞ்சம் உள்ளே. என் நைனா பேர் இஸ்ரவேல். ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் யாரும் அந்தப் பேரை முழுசாகச் சொன்னதில்லை. எங்களுக்கு நிலம் இல்லை, அதனால் பேரும் பாதிதான். 'ஒரேய் இசுரா' என்று மீசை முளைக்காதவனும் கூப்பிடுவான். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார்.

வெள்ளைக்காரன் சண்டை, அதுதான் ரெண்டாவது உலக யுத்தம், நடந்தபோது மிஷன் துரை ஒருத்தர் கடிதம் எழுதிக்கொடுக்க, நைனா மெட்ராஸ் பக்கத்தில் ஒரு விமான மைதானத்துக்கு வேலைக்குப் போனார். நான் அப்போது பிறக்கவில்லை. சண்டை முடிந்து ஒரு கோணிப்பையோடு திரும்பி வந்தார். விமானங்களை எல்லாம் உடைத்து மலைபோல் குவித்துவிட்டார்களாம். வேலை செய்தவர்கள் குவியலில் ஆளுக்கு நாலு சாமானைப் பொறுக்கிக்கொண்டார்களாம், காவல்காரரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாராம்.

"அங்க இன்னா வேல நைனா உனக்கு?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "நா கை வெக்காம ஒரு விமானமும் மேல ஏறாதும்மா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மீதியை நான் சொன்னேன். எட்டு வயசில் அவரை மெக்கானிக் ஆக்கினேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்குள் அவர் பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டார். அவர் தலையை ஆட்டினால்தான் துரை விமானத்தில் கால் வைப்பார் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பேன். நைனா காதில் விழும். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். என்ன அடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

நாலு சாமான் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும்.

முதலாவது கடியாரம். கறுப்பு முகம், வெள்ளை எண், மூன்று முள். ஆனால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும்தான் எண். பத்து, பதினொன்று, பன்னிரண்டு கிடையாது. (சண்டைக்குப் போறவனுக்கு அவ்ளோ நேரம் எங்க இருக்கப்போவுது என்பாள் என் அம்மா.) அது எப்போது பார்த்தாலும் ஒரு மணியே காட்டும். எங்கள் வீட்டுக்கு யார் எந்த நேரத்தில் வந்தாலும் சாப்பாட்டு வேளைதான். சாப்பாடு இருந்ததா என்பது வேறு விஷயம். மழை வருவதற்கு முன்னால் மட்டும் அதன் பெரிய முள் ஒரு நூல் முன்னால் நகரும். அது எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. புளி காயப் போட்டவர்களும், தாண்ட்ரா போட மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்தவர்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது, வட்டமாய் ஒன்று. நடுவில் வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ, அதில் ஒரு கறுப்புக் குண்டு. சாய்த்தால் குண்டு ஓடும். நேராக வைத்தால் நடுவில் நிற்கும். எங்கள் தெருவில் வீடு கட்டின மேஸ்திரி எல்லாரும் அதை ரசமட்டமாக வாங்கிக்கொண்டு போனார்கள். மிஷன் காலனியில் ஒரு சுவரும் கோணல் இல்லை.

மூன்றாவது, நீளமாய் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் எல்லார் முகமும் சின்னதாய், எங்கேயோ தூரத்தில் இருப்பது மாதிரி தெரியும். துரை தலைவாரிக்கொள்கிற கண்ணாடி என்று முடிவு செய்திருந்தோம்.

நாலாவது கொம்பு. ஒரு சாண் நீளத்தில் கறுப்புக் கொம்பு. ஒரு பக்கம் அகல வாய், மறு பக்கம் குழாய் மாட்டுகிற மாதிரி ஒரு காம்பு. இதை மட்டும் நைனா துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். ஏழு வயசிருக்கும், யாரும் இல்லாத நேரத்தில் நான் ஏறி எடுத்துவிட்டேன். வாயில் வைத்து, "அலோ தொர, அலோ தொர" என்று பேசிக்கொண்டிருந்தேன். நைனா உள்ளே வந்தார். வந்த வேகத்தில் ஒரு அறை. அவர் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். அப்புறம் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சாம்பலை எடுத்து என் வாயைத் தேய்த்துக் கழுவினார். நாலு தரம், அஞ்சு தரம்.

"நாம வாய் வெக்கற சாமான் இல்லடி அது" என்றார்.

துரைமார் வாய் வைக்கிற சாமான், நம்மைப்போன்ற ஜனம் தொடக்கூடாது என்று எனக்குப் புரிந்தது. அவ்வளவு உசத்தியான சாமான் எங்கள் வீட்டில் இருக்கிறதே என்று, வீங்கின கன்னத்தோடு சந்தோஷப்பட்டேன்.

நைனா காலமானதும் முதல் வேலையாகப் பரணில் இருந்து கொம்பை இறக்கினேன். அது விமானத்திலிருந்து தரைக்குப் பேசுகிற கொம்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயும் மூக்கும் சரியாக உள்ளே பொருந்துகிற சாமான் வேறு எதுக்கு இருக்கப்போகிறது? குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் அடுத்த பாட்டு எந்த நம்பர் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்பதில்லை, ஆளுக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். நான் சபைக்குக் கொம்பைக் கொடுத்தேன். போதகர் அதில் வாயை வைத்து, "ஒன் ட்வென்டி த்ரீ!" என்பார். சத்தம் ஒன்றும் பெருசாகவில்லை, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. பின்னால் பழையபடி ஆளுக்கொரு பாட்டுத்தான். ஆனால் மரியாதை கூடியது. போதகர் களைத்தால் மூப்பர்கள் வாங்கிப் பேசுவார்கள். பத்து வருஷம் இப்படி நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர் மாறிக்கொண்டு வந்தது. புத்தலப்பட்டில் எஸ்டிடி பூத் வந்தது. பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பை விற்றுப் பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெங்களூருக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். திருப்பதியைச் சுற்றி, கட்டடம் முடிவதற்குள் அதற்குக் காலேஜ் என்று பேர் வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு புதுக் காலேஜ் ஆபீசில் எஸ்தருக்கு டைப் அடிக்கிற வேலை கிடைத்தது.

அந்தக் காலேஜைப் பார்வையிட டெல்லியில் இருந்து ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. லேபில் ஃபேனைத் தவிர சுற்றுகிற சாமான் ஒன்றும் இல்லை. பிரின்சிபால் கவலையில் இருந்தபோது, என் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் (என் மகள்தானே) வீட்டுச் சாமானைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, பிரின்சிபால் சாரு நம்ம விமான சாமானு கேக்கறாரு. கண்ணாடிப் பொட்டியில வெக்கப்போறாராம்."

"எதுக்கு?"

"சண்டக் காலத்து விமான சாமான்னா கமிட்டிக்காரங்க அசந்துபோவாங்களாம். பக்கத்துல தாத்தா பேரு போர்டுல எழுதுவாங்களாம்."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு."

"முன்னால ஸ்ரீ போடுவாங்களா?"

"போடச் சொல்றேம்மா."

நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நைனா கல்லறைக்குக் கல் கிடையாது. மரச் சிலுவை வைத்தோம், அதில் எழுதின பேரையும் சேர்த்துக் கரையான் தின்றுவிட்டது. செத்துப்போன ஒரு மனுஷன் பேர், நாலு பேர் படிக்கிற மாதிரி, இந்த உலகத்தில் ஒரு இடத்திலும் இல்லை. இப்போது ஒரு காலேஜில், பெயிண்டில், ஸ்ரீ போட்டு வரப்போகிறது. ஒரேய் இசுரா என்று கூப்பிட்ட வீட்டுப் பேரப்பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். எனக்கு வேறென்ன வேண்டும்?

சபையில் சொல்லிக் கொம்பைத் திருப்பி வாங்கினேன். நாலையும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "இதி ஏமிட்டம்மா?" என்றான்.

"விமானம்."

"விமானம் உன்டே பஸ்ஸெந்துக்கம்மா?" விமானம் இருக்கிறவளுக்கு பஸ் எதற்கு என்கிறான். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிங்கடா, நாளைக்குப் பேப்பரில் பார்ப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். (பார்த்தார்கள்.)

காலேஜில் மேடை, துணி, பூ எல்லாம் வைத்திருந்தார்கள். பேப்பர்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். சுவரோரம் ஒரு பெயிண்டர் உட்கார்ந்து பச்சைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. எஸ்தர் என் விரலைப் பிடித்து ஈரம் படாமல் எழுத்து எழுத்தாகக் காட்டினாள். ஸ்ரீ. கே. இஸ்ரவேல். என் நைனா அவ்வளவு நீளமாக இருந்து நான் பார்த்ததில்லை. கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"ஏம் பனி சேசேவாரம்மா?" என்று பெயிண்டர் கேட்டார். என்ன வேலை செய்தார் என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் பிரின்சிபால் வந்து, ஏர்போர்ஸில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரான தாமோதரன் என்று ஒருத்தர் வருகிறார், சாமானைப் பார்த்து அவரே சரியான இங்கிலீஷ் உத்தியோகப் பேரைச் சொல்வார், அப்போது எழுதலாம் என்றார். அந்தத் தாமோதரன் வருகிற ரயில் லேட். பிள்ளைகள் விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். பிரின்சிபால் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"அம்மகாரு, அந்தவரக்கு மீரே நாலு மாட்டலு செப்பண்டி."

நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன்.

தெலுங்கும் தமிழும் கலந்து அடித்தேன். ரசமட்டத்தைத் தூக்கிக் காட்டி, "விமானம் கோணலா போவாம இருக்க இது" என்றேன். கண்ணாடியைக் காட்டி, "சண்டைக்குப் போனாலும் தொர தலை கலைஞ்சி போவக்கூடாது, பாருங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கடியாரத்தை எடுத்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. என் ஆயுசில் ஒரு மணியை விட்டு நகராத கடியாரத்தில் முள் எல்லாம் இடம் மாறியிருந்தது. பெரிய முள் அஞ்சில் நிற்கிறது, நடு முள் ஒன்றை விட்டுப் பின்னால் போயிருக்கிறது.

"அம்பது வருஷமா ஓடாத கடியாரம், திருப்பதிக்கு வந்ததும் ஓடுது பாருங்க!" என்றேன். ஹாலே கைதட்டியது. பிரின்சிபால் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கடைசியாகக் கொம்பு. வாயில் வைத்து, "அலோ தொர" என்று பேசிக் காட்டினேன். என் நைனா தரையில் நின்று உத்தரவு கொடுப்பார், துரை மேலே இருந்து இதில் பதில் சொல்வார் என்றேன். (உத்தரவு கொடுப்பார் என்பது அன்றைக்குத்தான் சேர்ந்தது. மைக் முன்னால் நின்றால் அப்படி வருகிறது.) பிரின்சிபாலுக்கு ஆசை வந்துவிட்டது. வாங்கி, வாயும் மூக்கும் மூட வைத்து, "ஹலோ பைலட்! பிரின்சிபால் ஸ்பீக்கிங்!" என்றார். பேப்பர்காரர் போட்டோ சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு தரம் பேசினார். அப்புறம் லெக்சரர்கள் வரிசையாக வந்து பேசினார்கள். ஒரு லெக்சரர் அம்மா மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டுப் பேசினாள். சுத்தக்காரி. பேப்பர்காரர் நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அவர் அந்தப் பக்கம் போக, தாமோதரன் இந்தப் பக்கம் வந்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர். வெள்ளைச் சட்டை, முதுகு வளையாத நடை. சாமான்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேடை ஏறினார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ரசமட்டத்தை எடுத்தார். மைக்கில், "அம்மா சொன்னது சரி. விமானம் திரும்பறப்போ ஒரு பக்கமா வழுக்காம இருக்க இந்தக் குண்டத்தான் பாப்பாங்க" என்றார். நான் எஸ்தரைப் பார்த்தேன். எப்படி?

கண்ணாடியை எடுத்தார். "இது தல வார இல்லம்மா. பின்னால எதிரி வரானான்னு பாக்கறதுக்கு. இதுல ஒரு புள்ளி தெரிஞ்சிதுன்னா கதை முடிஞ்சிது." அந்தக் கண்ணாடியில்தான் நான் கல்யாணத்துக்குத் தலை வாரிக்கொண்டேன்.

கடியாரத்தை எடுத்துத் தட்டினார். "இது மணி இல்ல. எவ்ளோ ஒசரத்துல இருக்கோம்னு காட்டறது. ஒங்க ஊரு ஆயிரம் அடி மேல இருக்கு, அதான் ஒன்னுல நின்னுச்சு. திருப்பதி பள்ளம். எறங்கிடுச்சு. மழை வரப்போ காத்து லேசாவும், அப்பவும் நகரும்."

அவ்வளவு வருஷம் நாங்கள் மணி என்று பார்த்தது உயரத்தை. ஊரில் எங்களைவிடத் தாழ்ந்த இடத்தில் யாரும் இல்லை என்று எல்லாரும் சொன்னபோது, அது மட்டும் ஆயிரம் அடி, ஆயிரம் அடி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

அப்புறம் கொம்பை எடுத்தார். திருப்பினார். காம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"அம்மா, இத இன்னான்னு சொன்னீங்க?"

"பேசற கொம்பு."

"யாராவது... பேசிப் பாத்தாங்களா?"

"எல்லாருந்தான். பிரின்சிபாலு ரெண்டு தபா பேசினாரு."

அவர் கொம்பைக் கீழே வைத்தார். "இத மட்டும் தனியா சொல்றேம்மா. மைக் வேணாம்."

சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னேனா?

"எதுக்குத் தனியா? எங்க நைனா மறைக்கிற மாதிரி வேல ஒன்னும் செய்யல."

"இல்லம்மா, நா சொல்றத கேளுங்க..."

"மத்ததெல்லாம் மைக்குல சொன்னீங்க. இருக்கறதுலயே பெரிய சாமானு இது, இதுக்கு மட்டும் ரகசியமா? எங்க பேரு பெருசா வரக்கூடாதுன்னு பாக்கறீங்களா? மைக்குலயே சொல்லுங்க!"

முதல் பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிரின்சிபாலும், "செப்பண்டி சார், செப்பண்டி" என்றார். பட்டாளத்து மனுஷன், உத்தரவு என்றால் கேட்டுத்தான் பழக்கம். எனக்கு நோகக் கூடாது என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அதில் 'பைலட்' மட்டும் புரிந்தது. நைனாவைப் புகழ்கிறார் என்று நினைத்து நான் முதல் ஆளாகக் கைதட்டினேன்.

ஹாலில் ஒருத்தரும் கைதட்டவில்லை. அப்புறம் பின்னால் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓட்டுக்கூரை மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சிரிப்பு வந்தது. எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னாடி சொன்னாரு?"

"வீட்டுக்குப் போயி சொல்றேம்மா."

"இப்ப சொல்லு!"

காதில் சொன்னாள். சண்டை விமானத்தில் ஒரே ஆள். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. அவசரத்துக்கு ஒன்றுக்குப் போக, சீட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிற கொம்பு அது.

நான் கைதட்டுவதை அப்போதுதான் நிறுத்தினேன்.

பிரின்சிபால் மேடையில் இல்லை. வராண்டாக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் லெக்சரர்கள் கியூ. முந்தானையால் துடைத்த அம்மாதான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள். பிள்ளைகள் பெஞ்சில் புரண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிணற்றடியில் என் வாயைத் தேய்த்த கை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சாம்பல் வாசனைகூட வந்தது.

தாமோதரன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இப்போது தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஒங்க நைனாவுக்கு அங்க இன்னா வேலன்னு சொல்லிக்கினு இருந்தாரு?"

"தான் கை வெக்காம ஒரு விமானமும் மேல ஏறாதுன்னாரு."

"பொய் சொல்லலம்மா. ஒவ்வொரு தபா எறங்கினதும் இத எடுத்து கழுவி, அடைப்பு இல்லன்னு பாத்து மாட்டணும். இல்லன்னா மேல போறவன் கதி அதோகதி. அதுக்குன்னு நம்ம ஊரு ஆளுங்க இருப்பாங்க. மத்த சாமான்ல கைவெக்க அவங்கள உட மாட்டாங்க."

மத்ததெல்லாம் குவியலில் பொறுக்கினது. இது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சாமான். அதனால்தான் கொண்டுவந்தாரா? இல்லை, இன்னொருத்தன் கழுவக் கூடாது என்று கொண்டுவந்தாரா? நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கவேண்டிய காலத்தில் அவரை நான் பேசவிட்டால்தானே.

பெயிண்டர் பிரஷ்ஷோடு வந்து நின்றார். பாவம், அவருக்கு இங்கிலீஷும் புரியவில்லை, சிரிப்பும் புரியவில்லை. "அம்மா, பனி ஏமனி ராயாலி?" வேலை என்னவென்று எழுத?

"கிரவுண்ட் க்ரூன்னு எழுதச் சொல்லுங்க" என்றார் தாமோதரன். "தரையில நின்னு விமானத்துக்கு வேல செஞ்ச எல்லாருக்கும் அதான் பேரு. நா இருந்ததும் அதேதான். பொய் இல்லம்மா."

"எழுதட்டும்மா" என்றாள் எஸ்தர்.

நல்ல யோசனை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும், பேர் இன்றைக்கும் இருக்கும். ஆனால் பின்னால் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அந்தப் போர்டைத் தாண்டிப் போகிறபோதும் சிரிப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஊருக்கு வந்து சொல்லும். எனக்குத் தலை சூடாகிவிட்டது.

"பேரே வேணாம்" என்றேன். "துடிச்செய்யி." துடைத்துவிடு என்று.

"அந்தானா?" முழுசாகவா என்று கேட்டார் பெயிண்டர்.

"முழுசா."

அவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்தார். கடைசி எழுத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். பெயிண்ட் காயவில்லை, லேசாகவே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஸ்ரீ மட்டும் தனியாக நின்றது. நிறுத்து என்று சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. அதுவும் போயிற்று.

நைனாவைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர். எழுதின பேரை அழிக்கச் சொன்னது நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் பேப்பரில் போட்டோ பெருசாக வந்தது. பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டு கொம்புக்குள் முகத்தை விட்டிருக்கிறார். போர்க்கால விமானிகள் பேசிய கருவியில் பிரின்சிபால் பேசி மகிழ்ந்தார் என்று கீழே எழுதியிருந்ததாம். திருப்பதியில் அவர் கண்ணில் பட்ட பேப்பரை எல்லாம் அவரே வாங்கினார் என்று எஸ்தர் சொன்னாள். எங்கள் ஊருக்கு வந்த பேப்பரை அவரால் வாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "பத்து வருஷம்" என்றார். அப்புறம், "கொஞ்சம் தண்ணி கொண்டாங்கம்மா" என்றார். அடுத்த குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் யாரும் நம்பர் சொல்லவில்லை. ஆளுக்கொரு பாட்டுத்தான்.

பிரின்சிபால் எஸ்தர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சாமான் வைக்கிற ரூமுக்கு அவளை மாற்றினார். மூன்று மாசத்தில் வேலையை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் படித்தாள், பெங்களூர் போனாள், கல்யாணமாகி அமெரிக்கா போனாள். என் வாயால் என் மகள் இவ்வளவு தூரம் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறாள். சில வருஷம் வருவதில்லை. நைனா சாமான் இருந்த கண்ணாடிப்பெட்டி, கமிட்டி வந்துபோன கையோடு எங்கேயோ போய்விட்டதாம். கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. போர்டில் பேர் இருந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

முதல் தரம் விமானம் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் எஸ்தர் எனக்கு போன் பண்ணினாள். நான் எஸ்டிடி பூத்தில் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்மா. நாந்தான் கடைசியா எறங்கினேன். அதுக்குள்ள கக்கூசு கழுவறவங்க மேல ஏறிட்டாங்க. ஒரு அம்மா, ஒன் வயசு இருக்கும். பேரு இன்னான்னு கேட்டேம்மா."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "இன்னா சொல்லுச்சு?" என்றேன்.

"பயந்துபோச்சும்மா. நா புகார் குடுக்கப்போறேன்னு நெனச்சிக்கினு, உள்ள போயி மறுபடியும் கழுவ ஆரம்பிச்சிடுச்சு."

அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது எங்கள் வீட்டில் யார் விமானம் ஏறினாலும், போய்ச் சேர்ந்ததும் நாங்கள் சுகமா என்று கேட்பதில்லை. "பேரு கெடச்சிதா?" என்றுதான் கேட்போம். கேட்டதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரிப்பு. மருமகன் ஏதோ ஒரு ஊரில் விடாமல் கேட்கப்போய், மேலதிகாரி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, கையில் ஒரு இலவசக் காபிச் சீட்டைத் திணித்து அனுப்பினாராம். பேத்தி கேட்டபோது அந்த ஆள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டாராம். இத்தனை வருஷத்தில், இத்தனை பேர் ஏறி இறங்கினதில், கிடைத்த பேர் இரண்டுதான். மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு தரம் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்.